மாரியோ ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறான்? (பென்டியம் 133, டாஸ், எமுலேட்டர்)

கேள்வி, 6 ஜனவரி 2024

பரணில் கிடந்த பென்டியத்தை இறக்கி அதில் எமுலேட்டர் (ஒரு கம்ப்யூட்டரை வேறொன்றைப் போல நடிக்கவைக்கும் நிரல்) ஓட்டுவதாகச் சொல்லியிருந்தீர்கள். என் பையனுடைய போனிலேயே அந்த நின்டெண்டோ கேம் எல்லாம் பளிச்சென்று ஓடுகிறது. பழைய கம்ப்யூட்டருக்குள் அதைவிடப் பழைய கம்ப்யூட்டரை ஓட்டுவதில் என்ன இருக்கிறது? கிண்டலுக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

6 ஜனவரி 2024, இரவு

பெட்டியைப் பற்றி முதலில். பென்டியம் 133, 16 எம்பி ராம், எஸ்3 ட்ரையோ64 பிசிஐ டிஸ்ப்ளே கார்டு, சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒலி கார்டு, 14 அங்குல மானிட்டர் (பின்பக்கம் பானை மாதிரி இருக்குமே, அது). அக்காவின் படிப்புக்காக 1997-இல் அப்பா தவணையில் வாங்கியது. இப்போது அதில் டாஸ் 6.22 (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) மட்டும்தான்.

போனில் ஓடுகிறது, சரி. ஆனால் போனில் ஓடுவது வேறு எமுலேட்டர். என் பெட்டியில் ஓடுவது நெஸ்டிகிள். 1997 ஏப்ரல் 3 அன்று வெளியானது. பிளட்லஸ்ட் சாஃப்ட்வேர் என்ற பெயரில் வந்தது. ரத்தம் சொட்டும் கைதான் அதன் மௌஸ் அம்பு. அதை எழுதியபோது 486-உம் (பென்டியத்துக்கு முந்தைய சிபியு) பென்டியமும்தான் மேசைகளில் இருந்தன. எதை விட்டுக்கொடுத்தால் இந்தப் பெட்டியில் நொடிக்கு 60 படம் வரும் என்று கணக்குப் பார்த்து எழுதிய நிரல் அது. இன்றைய கம்ப்யூட்டரில் போட்டால் அந்தக் கணக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதே காலத்துப் பெட்டியில் ஓட்டும்போதுதான் எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே சாமர்த்தியமாகத் தப்பிக்கிறது என்பது விளங்கும். எனக்கு அந்த நிரலும் கேமுக்குச் சமமான பொக்கிஷம்.

இன்னொன்று, தாமதம். டாஸில் எமுலேட்டருக்கும் கீபோர்டுக்கும் நடுவில் வேறு எந்த நிரலும் உட்கார்ந்திருக்காது. மானிட்டரும் வந்த சிக்னலை அந்த நொடியிலேயே வரைந்துவிடும். பட்டனை அழுத்தினால் மாரியோ (சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமின் நாயகன்) குதிக்கிறான், அவ்வளவுதான். படமும் வெண்ணெய் மாதிரி நகரும்.

7 ஜனவரி

ஒன்று உறுத்துகிறது. மாரியோ வேகமாக ஓடுகிறான். பாட்டும் வேகமாக வருகிறது. சின்ன வயதில் டிவியில் போட்டு ஆடிய வேகம் என் கைக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதல் பள்ளத்தைத் தாண்டும்போதே விரல் பின்தங்கிவிடுகிறது. 133 மெகாஹெர்ட்ஸ் அதிகமோ? பார்க்கிறேன்.

9 ஜனவரி

"486-இல் ஓடுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சித்தப்பா வீட்டு 486 டிஎக்ஸ்2-66-இல் ஓட்டிப் பார்த்ததால் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

நின்டெண்டோவின் கேம் பெட்டியான நெஸ்ஸின் சிபியு 1.79 மெகாஹெர்ட்ஸ். ஒரு படத்துக்கு ஏறத்தாழ 29,780 சைக்கிள் (சிபியு கடிகாரத்தின் ஒரு துடிப்பு). அந்த 6502 வகை சிபியுவில் ஒரு கட்டளைக்கு 2 முதல் 7 சைக்கிள் ஆகும். ஆக நொடிக்குச் சுமார் 5 லட்சம் கட்டளைகள். 66 மெகாஹெர்ட்ஸை 5 லட்சத்தால் வகுத்தால், ஒரு கட்டளையைப் போலச் செய்துகாட்ட 486-க்கு 130 சைக்கிள் கிடைக்கிறது. தாராளம். இதைப் பார்த்துவிட்டு "அப்புறம் ஏன் திணறுகிறது?" என்று நான் வெகுநேரம் குழம்பினேன்.

பாரம் முழுவதும் படத்தில் இருக்கிறது. 256 பெருக்கல் 240 என்றால் 61,440 புள்ளிகள். நொடிக்கு 60 தடவை என்றால் 37 லட்சம் புள்ளிகள். வேறு வேலையே செய்யாவிட்டாலும் ஒரு புள்ளிக்கு 486-க்கு 18 சைக்கிள்தான் மிஞ்சும். அதற்குள் பின்னணியைப் பார்த்து, மேலே வரும் உருவத்தைப் பார்த்து, எது முன்னால் எது பின்னால் என்று முடிவுசெய்து, நிறத்தையும் எடுத்து வைக்க வேண்டும். நெஸ்ஸில் இந்த வேலைக்கென்றே தனிச் சில்லு இருந்தது. இங்கே எல்லாம் ஒரே தலையில்.

சித்தப்பா வீட்டு 486-இல் இருப்பது ஐஎஸ்ஏ (பழைய, மெதுவான இணைப்பு) டிஸ்ப்ளே கார்டு. நொடிக்கு 3.7 எம்பி படத்தை அந்த ஒடுங்கிய சந்து வழியாகத் தள்ளவேண்டும். சிபியு சும்மா காத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு படத்துக்கு ஒன்றைத் தாண்டிவிடச் சொன்ன பிறகுதான் ஆட முடிந்தது. 486 வைத்திருப்பவர்கள் சிபியுவை மாற்றுவதற்கு முன்னால் வேகமான இணைப்புள்ள விஎல்பி அல்லது பிசிஐ கார்டு கிடைக்கிறதா பாருங்கள்.

13 ஜனவரி

6-ஆம் தேதி "வெண்ணெய் மாதிரி நகரும்" என்று எழுதியது தவறு. மாரியோ ஓடும்போது பின்னால் இருக்கும் குழாய்களை உற்றுப் பார்த்தேன், விட்டு விட்டு நகர்கின்றன. காரணம் புரிந்தது. நான் வைத்திருந்தது 320×200 திரைமுறை. விஜிஏவில் (பழைய பிசிகளின் திரைத் தரம்) அந்த முறை நொடிக்கு 70 தடவை திரையை வரைகிறது. கேம் தருவது 60 படம். ஆறு படத்துக்கு ஒன்றை இரண்டு முறை காட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். நொடிக்குப் பத்து இடறல். தவிர 200 வரியில் 240 வரி எப்படி அடங்கும்? மேலும் கீழும் வெட்டுப்பட்டிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

மெனுவில் 256 அகலத் திரைமுறை ஒன்றுக்கு மாற்றினேன். மானிட்டர் டக்கென்று ஒரு சத்தம் போட்டு 60 ஹெர்ட்ஸுக்கு வந்தது. இப்போது குழாய்கள் தண்டவாளத்தில் போவது மாதிரி போகின்றன.

70 ஹெர்ட்ஸ்தான் மாரியோவை விரட்டியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. 60-இலும் அதே ஓட்டம்.

14 ஜனவரி

இன்று பெட்டி கிளம்பவில்லை. மதர்போர்டில் கடிகாரச் சில்லுக்குள்ளேயே அடைத்துவைத்த பேட்டரி செத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் விவரம் எல்லாம் மறந்துபோய், ஒவ்வொரு முறையும் கையால் கொடுக்க வேண்டியிருந்தது. சில்லின் பக்கவாட்டைக் கவனமாகச் சுரண்டி, வெளியிலிருந்து 3 வோல்ட் காசு பேட்டரி ஒன்றை ஒயர் வைத்து இணைத்தேன். இரண்டு மணி நேரம்.

386, 486 வைத்திருப்பவர்கள் இன்றே மூடியைத் திறந்து பாருங்கள். போர்டில் நீல நிறத்தில் குட்டி உருளை மாதிரி பேட்டரி இருந்தால் உடனே வெட்டி எடுங்கள். அது கசிந்தால் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். பச்சை படிந்திருந்தால் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு சுத்தமாகக் கழுவிக் காயவைக்கலாம். இப்படிப் போன ஒரு 386-ஐ நான் காப்பாற்ற முடியாமல் விட்டிருக்கிறேன். இன்றும் வருத்தம்தான்.

20 ஜனவரி

மாரியோவை மெதுவாக்க ஒரு வாரம் போராடினேன். மதர்போர்டின் ஜம்பரை மாற்றி 100 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினேன், மாற்றமில்லை. பயாஸில் (பெட்டியின் அடிப்படை நிரல்) கேஷை (சிபியுவின் வேக நினைவகம்) அணைத்தேன். படம் தாண்டித் தாண்டி வந்தது, கேமின் வேகம் அப்படியே. அப்படியென்றால் எமுலேட்டர் சிபியு வேகத்தை நம்பி ஓடவில்லை. டைமரைப் பார்த்து நொடிக்கு 60 என்று தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. பெட்டியின் மேல் பழி இல்லை.

அப்படியானால் என் ஞாபகம்தான் தப்பா?

27 ஜனவரி

ஞாபகம் தப்பில்லை! இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது, அவ்வளவு சந்தோஷம்.

அத்தை வீட்டில் எங்கள் பழைய டிவி கேம் பெட்டி இன்னும் இருந்தது. மஞ்சள் கேசட்டோடு. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் இருந்ததில் பெரும்பாலானவை இப்படி நின்டெண்டோவைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள்தான். அத்தை வீட்டு டிவியில் மாட்டினேன், எரிந்தது. ஒரு சோதனை செய்தேன். சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மேலே ஓடும் நேரம் 400-இல் தொடங்கும். அது உண்மையான நொடி கிடையாது. 24 படத்துக்கு ஒன்று குறையும். மாரியோவை நிற்கவைத்துவிட்டு 400 முதல் 300 வரை ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். டிவி கேம் பெட்டியில் 48 நொடி. வீட்டுக்கு வந்து பென்டியத்தில் பார்த்தேன். 40 நொடி.

2,400 படம், 48 நொடி. வகுத்தால் நொடிக்கு 50. நம் டிவி பால் (PAL) ஒளிபரப்பு முறை, 50 ஹெர்ட்ஸ். நகல் பெட்டியைச் செய்தவர்கள் நம் டிவிக்காக நொடிக்கு 50 படம் தரும்படி அமைத்துவிட்டார்கள். கேம் தன் வேகத்தைப் படக்கணக்கில் வைத்திருப்பதால், ஓட்டமும் பாட்டும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிட்டன. சிபியு மட்டும் ஏறத்தாழ அதே 1.77 மெகாஹெர்ட்ஸ் என்பதால் சுருதி குறையவில்லை, தாளம்தான் குறைந்தது. அதனால்தான் ஏதோ கெட்டுப்போன மாதிரி அன்று நமக்குத் தோன்றவே இல்லை.

ஜப்பானில் எழுதியவர்கள் நினைத்த மாரியோ என் பென்டியத்தில் ஓடுகிறவன். நான் வளர்ந்தது அவனைவிட நிதானமான ஒருவனோடு. இருபத்தைந்து வருடம் கழித்து இது எனக்குத் தெரியவந்தது.

28 ஜனவரி

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். "நம் வீடுகளில் எல்லாம் 50" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பால், என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் ஒளிபரப்பு முறை) இரண்டும் ஏற்கும் டிவியில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அசல் பெட்டியை மாட்டியவர்கள் 60-இல்தான் ஆடியிருப்பார்கள். உங்கள் பெட்டி இன்னும் உயிரோடிருந்தால் 400 முதல் 300 வரை அளந்து சொல்லுங்கள்.

எது சரியான வேகம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நேற்றிரவு முழுக்க யோசித்தேன். எழுதியவர் நினைத்த வேகம் 60, அதில் சந்தேகமில்லை. ஆனால் என் அக்கா ஒரு உயிர்கூடப் போகாமல் எட்டாவது உலகம் வரை போனாள் என்றால், அது 50-இல் நடந்தது. அதையும் பொய் என்று என்னால் தள்ள முடியவில்லை. எனக்கு இரண்டும் வேண்டும்.

3 பிப்ரவரி

50 ஹெர்ட்ஸ் என்றதும் ஸ்பெக்ட்ரம் ஞாபகம் வந்தது. 1982-இல் இங்கிலாந்தில் சின்க்ளேர் கொண்டுவந்த 48 கேபி கம்ப்யூட்டர். அதன் பிறப்பே 50 ஹெர்ட்ஸில்தான். நம் நாட்டிலும் ஹைதராபாத்தின் டெசிபெல்ஸ் நிறுவனம் அதை டிபி ஸ்பெக்ட்ரம் ப்ளஸ் என்ற பெயரில் விற்றது. பள்ளிகளுக்கு வந்தது வேறு. 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டத்தில் கொடுத்தது பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர். எங்கள் பள்ளியில் இருந்ததும் அதுதான், பூட்டிய அறையில்.

ஸ்பெக்ட்ரத்தின் சிபியு இசட்80, 3.5 மெகாஹெர்ட்ஸ், எண்ணைப் பார்த்தால் நெஸ்ஸைவிட இரண்டு மடங்கு. அதனால் 486 இன்னும் திணறும் என்று எதிர்பார்த்தேன். நேர்மாறாக, ஐஎஸ்ஏ கார்டிலேயே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஏன் என்றால் ஸ்பெக்ட்ரத்தில் உருவங்களை நகர்த்தித் தரும் தனிச் சில்லு கிடையாது. திரை முழுவதும் 6,912 பைட் நினைவகம், அவ்வளவே. எழுதிய கேம்காரரே ஒவ்வொரு புள்ளியையும் சிபியுவால் வைத்திருக்கிறார். மாறிய பைட்டை மட்டும் எமுலேட்டர் திரும்ப வரைந்தால் போதும். அன்று கேம் எழுதியவர் பட்ட பாடு இன்று எமுலேட்டருக்குச் சுமையைக் குறைக்கிறது. சத்தம்கூட அப்படித்தான். ஸ்பெக்ட்ரத்தின் பீப்பரும் (சின்ன ஸ்பீக்கர்) பிசி ஸ்பீக்கரும் ஒரே சாதி. உள்ளே, வெளியே என்று இரண்டே நிலை.

டாஸில் கெர்ட்டன் லுன்டர் எழுதிய இசட்80 என்ற எமுலேட்டர் அந்தக் காலத்தில் பெரிய பெயர். அவர் வைத்த கோப்பு வடிவத்தை இன்றைய ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்களும் படிக்கின்றன. 1986-இல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர்களை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், 1999-இல் ஸ்பெக்ட்ரத்தின் ரோமை (உள்ளே நிரந்தரமாகப் பதிந்த நிரல்) எமுலேட்டரோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி தந்தது. எல்லா நிறுவனங்களும் இந்தப் பெருந்தன்மையைக் காட்டியிருக்கலாம்.

10 பிப்ரவரி

ஸ்பெக்ட்ரம் நொடிக்கு 50, விஜிஏ 70. ஐந்து படத்தில் இரண்டு இருமுறை வரும். காட்சி தொடர்ந்து நகரும் கேம்களில் கண் வலிக்கிறது. மானிட்டரின் பின்னால் ஒட்டிய சீட்டில் 50–90 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. பிறகென்ன, விஜிஏவையே 50-க்கு இறக்கிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

கணக்கு சுலபம். விஜிஏ நொடிக்கு 31,469 வரி வரைகிறது. ஒரு திரைக்கு மொத்தம் 449 வரி, அதனால்தான் 70. அதையே 629 வரி ஆக்கினால் 50. கண்ணுக்குத் தெரியும் 400 வரி அப்படியே இருக்கட்டும், வெற்று வரிகளை மட்டும் கூட்டினால் போதும். திரைமுறை மாற்றும் பயாஸ் அழைப்பை இடைமறித்து விஜிஏவின் ரெஜிஸ்டரை (அமைப்பு எண்களை வைக்கும் இடம்) மாற்றும் சின்ன நிரலை எழுதி நினைவகத்தில் உட்காரவைத்தேன். ஓட்டினேன். 50 வந்தது! ஆனால் படம் திரையின் அடியில் போய் விழுந்தது. கீழ்ப்பகுதி கண்ணாடிக்கு வெளியே.

11 பிப்ரவரி

காரணம் கிடைத்தது. மொத்த வரியைக் கூட்டிய நான், "மேலே திரும்பிப் போ" என்று மானிட்டருக்குச் சொல்லும் இடத்தை மாற்றவில்லை. அது பழைய 412-ஆம் வரியிலேயே இருந்தது. அதனால் கூட்டிய வெற்று வரிகள் எல்லாம் படத்துக்கு மேலே குவிந்துவிட்டன. அதை 512-க்குத் தள்ளியதும் நடுவில் வந்து உட்கார்ந்தது. உயரம் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. மானிட்டரின் உயரக் குமிழைத் திருகிச் சரிசெய்தேன்.

பிறகு பார்த்த காட்சியை எப்படிச் சொல்வது? மலைகள் நகர்வதே தெரியாமல் நகர்கின்றன. ஒரே ஒரு மெல்லிய கிழிசல் மட்டும் படத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. எமுலேட்டரின் 50-உம் மானிட்டரின் 50.03-உம் ஒன்றல்ல. அந்த நூலிழை வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை கிழிசல் திரை முழுவதையும் கடக்கிறது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குக் கிழிசலே தெரியவில்லை.

18 பிப்ரவரி

"பழைய கம்ப்யூட்டரில் எமுலேட்டர் என்றாலே திணறல்தானா?" என்று கேட்டவருக்கு. இல்லை. அமிகா என்ற கம்ப்யூட்டரில் ஷேப்ஷிஃப்டர் என்று ஒன்று இருந்தது, கிறிஸ்டியன் பவர் எழுதியது. அது ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரை ஓட்டும். அமிகாவிலும் அன்றைய மேக்கிலும் 68000 குடும்பச் சிபியுதான். கட்டளைகளை மொழிபெயர்க்கத் தேவையே இல்லை, நேராகச் சிபியுவிடமே கொடுத்துவிடலாம்.

1994-இல் ஆப்பிள் பவர்பிசி சிபியுவுக்கு மாறியபோது பழைய 68000 நிரல்களுக்காக எமுலேட்டரை மேக்குக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். மேக் இயங்குதளத்தில் பெரும்பகுதியே அப்போது அதன் மேல்தான் ஓடியது. அலுவலகத்தில் கடிதம் அடித்துக்கொண்டிருந்த எத்தனையோ பேர், எமுலேட்டர் ஓட்டுகிறோம் என்று தெரியாமலே ஓட்டியிருக்கிறார்கள்.

25 பிப்ரவரி

விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நெஸ்டிகிளில் கேமின் ஓடுகளை அங்கேயே திருத்தும் வசதி இருக்கிறது. ஓடு என்றால் 8×8 புள்ளி, 16 பைட், நான்கு நிறம். தலைப்பில் தமிழ் எழுத்து போடலாமா என்று உட்கார்ந்தேன். 'ப', 'ட', 'ம' எல்லாம் ஒரு ஓட்டில் அழகாக வருகின்றன. 'ழ' நெருக்கியடித்து வந்தது. 'ண' வரவே இல்லை. மூன்று சுழியையும் எட்டுப் புள்ளிக்குள் போட்டால் வெறும் கறை. அதற்கு இரண்டு ஓடு எடுத்துக்கொண்டேன். மேலே புள்ளி வைக்க ஒரு வரி ஒதுக்கினால் எழுத்துக்கு ஏழு வரிதான் மிச்சம். இப்போது மாரியோ தலைக்கு மேல் அக்காவின் பெயர் இருக்கிறது. முழுநாளும் போயிற்று, நல்ல நாள்.

9 மார்ச்

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருந்தார். பையனோடு உட்கார்ந்து போனில் அளந்தாராம், 40 நொடி. அவர் வீட்டுப் பழைய பெட்டி காயலான் கடைக்குப் போய்விட்டதாம். அத்தை வீட்டுப் பெட்டியை ஒரு வாரம் கொடுத்தனுப்புகிறேன், சார். அடாப்டர் சூடாகும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவேண்டாம்.

மாரியோவை பென்டியத்தில் 50-இல் ஓட்டும் முயற்சி இன்னும் பலிக்கவில்லை. நெஸ்டிகிள் பயாஸைக் கேட்காமல் தானே ரெஜிஸ்டரில் எழுதிவிடுகிறது போலிருக்கிறது. என் நிரலை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. திரையை 50 ஆக்கினாலும் டைமர் 60-இல்தான் இருக்கும், அதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். விடப்போவதில்லை.

ஸ்பெக்ட்ரத்துக்கான எண்களைப் பலர் கேட்டீர்கள். 320×200 திரைமுறை மட்டும். முதலில் 17-ஆம் ரெஜிஸ்டரில் பூட்டைத் திறங்கள் (மேல் பிட்டைப் பூஜ்யமாக்குங்கள்). பிறகு 6-இல் 115, 7-இல் 186, 16-இல் 0, கடைசியாக 17-இல் 130. மானிட்டர் பின்னால் சீட்டில் 50 என்று போட்டிருந்தால் மட்டும் செய்யுங்கள். படம் உருண்டாலோ விசில் சத்தம் கேட்டாலோ யோசிக்காமல் மானிட்டரை அணைத்துவிடுங்கள்.